சோற்றுத் தட்டும் சர்க்கரை எண்ணும்: செட்டிநாட்டுச் சமையலறைக்கு ஒரு கிளைசெமிக் வழிகாட்டி

மருத்துவரைப் பார்த்துவிட்டுக் காரைக்குடியிலிருந்து பேருந்தில் திரும்பி வந்த அன்று, அப்பச்சியின், அதாவது அப்பாவின், சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே, "கிளைசெமிக் குறியீடு குறைந்த உணவு" என்று ஒற்றை வரி எழுதியிருந்தார்கள். வளவில், அதாவது வீட்டு முற்றத்துப் பகுதியில், வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. அந்த மாவை என்ன செய்வது என்று சீட்டில் எழுதவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது என்பதால், இப்படி ஒரு சீட்டோடு வீடு திரும்புகிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கும், அவர்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இந்தக் கட்டுரை. இதைப் படித்து முடிக்கும்போது ஓர் உணவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிய வேண்டியதில்லை. தட்டைப் பார்த்ததும் இது வேகமாக ஏறுமா, மெதுவாக ஏறுமா என்று ஊகிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் படி: எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சோறு, இட்லி, கிழங்கு, பழம், பயறு ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் (இனி இரண்டையும் சேர்த்து மாவுச்சத்து என்றே சொல்கிறேன்) குடலில் செரித்து, பெரும்பாலும் குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கின்றன. இரண்டு உணவுகளில் மாவுச்சத்தின் எடை ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று அரை மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்திவிடும். மற்றொன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுகக் குளுக்கோஸை அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981-இல் முன்வைத்ததுதான் கிளைசெமிக் குறியீடு.

அளக்கும் முறை எளிமையானது. உடல்நலத்தோடு இருக்கும் பத்துப் பேருக்குக் குறையாமல் அழைத்து, வெறும் வயிற்றில் 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் விட்டு விட்டு விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். வேறொரு நாளில் அதே ஆட்களுக்கு, செரிக்கக்கூடிய மாவுச்சத்து 50 கிராம் வருமளவுக்குச் சோதிக்க வேண்டிய உணவைக் கொடுத்து, அதேபோலப் பார்ப்பார்கள். குளுக்கோஸ் ஏற்படுத்திய ஏற்றத்தை 100 என்று வைத்துக்கொண்டால், அந்த உணவு ஏற்படுத்திய ஏற்றம் எவ்வளவு என்பதே அதன் எண். 55-உம் அதற்குக் கீழும் குறைவு; 56 முதல் 69 வரை நடுத்தரம்; 70-உம் அதற்கு மேலும் உயர்வு.

பல நாடுகளின் அளவீடுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான பன்னாட்டு அட்டவணையின் சராசரிகளைப் பார்த்தால் நமக்குப் பழக்கமான பொருள்களுக்கு ஒரு திசை கிடைக்கும். வேகவைத்த வெள்ளைச் சோறு 73, வேகவைத்த உருளைக்கிழங்கு 78, வெள்ளை ரொட்டி 75, அரிசிக் கஞ்சி 78 என்று இருக்க, கொண்டைக்கடலை 28, பால் 39, ஆரஞ்சு 43, மாம்பழமும் வாழைப்பழமும் 51 என்று இருக்கின்றன. நம் ஊர் அரிசிக்கும் அளவீடு உண்டு. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் பொன்னி, சோனா மசூரி ஆகியவற்றைச் சோதித்தபோது இரண்டுமே 70-ஐ ஒட்டி, அதற்குச் சற்று மேலேயே நின்றன. "பொன்னி அரிசி நல்லது, சோனா மசூரி கெட்டது" என்ற பேச்சுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

மீன், கோழி, ஆட்டுக்கறி, முட்டை ஆகியவற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாததால் அவற்றுக்கு இந்த எண்ணே கிடையாது. ஆகவே செட்டிநாட்டுக் கோழிக் குழம்பின் எண் என்ன என்று தேடுவது வீண். அந்தக் குழம்பை எத்தனை கரண்டிச் சோற்றின் மேல் ஊற்றிக்கொள்கிறோம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாம் படி: எண்ணோடு அளவைப் பெருக்குங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். அட்டவணையில் தர்பூசணிக்கு 76 என்று பார்த்ததும் கோடையில் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் சோதனையில் 50 கிராம் மாவுச்சத்து வருவதற்குத் தர்பூசணியை 600 கிராமுக்கு மேல் தின்றாக வேண்டும். சோறு என்றால் 180 கிராமே போதும். நாம் சாதாரணமாகச் சாப்பிடும் அளவு இரண்டிலும் வேறு என்பதால், எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

இதற்காகவே கிளைசெமிக் சுமை என்ற இரண்டாவது கணக்கு 1990-களில் வந்தது. தட்டில் உள்ள உணவில் செரிக்கக்கூடிய மாவுச்சத்து எத்தனை கிராம் என்று பார்த்து, அதைக் குறியீட்டு எண்ணால் பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். விடை 10-உம் அதற்குக் கீழும் என்றால் சுமை குறைவு; 11 முதல் 19 வரை நடுத்தரம்; 20-உம் அதற்கு மேலும் அதிகம். 120 கிராம் தர்பூசணித் துண்டில் மாவுச்சத்து சுமார் 9 கிராம். 76-ஆல் பெருக்கி வகுத்தால் சுமை 7-க்குள் அடங்கிவிடுகிறது. 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 42 கிராம். 73-ஆல் பெருக்கினால் சுமை 31-ஐ எட்டுகிறது. அதே சோறு 300 கிராம் ஆனால் 60-ஐத் தாண்டுகிறது. 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு 6-க்கு மேல் போகாது.

சோற்றை எடைபோட்டா சாப்பிடுவது என்று எங்கள் வீட்டு ஆயா, அதாவது பாட்டி, சிரித்தார்கள். தினமும் வேண்டாம், ஒரே ஒரு நாள் போதும். வழக்கமாகப் பரிமாறும் குழிக்கரண்டியால் ஒரு கரண்டிச் சோற்றைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டால், அதன்பின் கரண்டிக் கணக்கே தராசுக் கணக்காகிவிடும். அன்று எங்களுக்குத் தெரியவந்த செய்தி, அப்பச்சி "கொஞ்சம்போல" என்று சொல்லி வாங்கிக்கொண்டிருந்த சோறு 400 கிராமுக்கு மேல் என்பது.

மூன்றாம் படி: பெயரை விட்டுப் பக்குவத்தைப் பாருங்கள்

அட்டவணை தராத ஒன்றை அடுப்படி சொல்லித்தரும். ஒரே தானியம், அதன் வகையாலும், அரைத்த விதத்தாலும், வெந்த பதத்தாலும், ஆறிய நேரத்தாலும், கூடவே தட்டில் இருப்பவற்றாலும் வேகமாகவோ மெதுவாகவோ செரிக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியின் வகையிலிருந்து தொடங்கலாம். அரிசி மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு கூறுகள் உண்டு. அமைலோஸ் நேர்ச் சங்கிலியாக நெருங்கி அடங்கியிருப்பதால் செரிமான நொதிகள் அதற்குள் நுழையத் தாமதமாகிறது. கிளைகிளையாக விரிந்த அமைலோபெக்டினை அவை எளிதில் வெட்டிவிடுகின்றன. வெந்தபின் உதிர் உதிராக நிற்கும் அரிசியில் பொதுவாக அமைலோஸ் கூடுதல். ஒட்டிக்கொள்ளும் அரிசியில் குறைவு. பாசுமதியில் பல வகைகள் நம் சாதாரண அரிசியைவிடக் குறைந்த எண்ணைக் காட்டுவதற்கு இதுவே காரணம். நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கல் அரிசியும், அந்தப் பக்குவத்தில் மாவுச்சத்து இறுகிப்போவதால், பச்சரிசியைவிடப் பொதுவாகச் சற்று மெதுவாகச் செரிக்கிறது.

இந்த இடத்தில் கவுனி அரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன செட்டிநாட்டு நகரத்தார் வழியாக நம் பந்திக்கு வந்த அந்தக் கறுப்பரிசியை, நிறத்தைப் பார்த்தே சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்றது என்று இப்போது கடைகளில் விற்கிறார்கள். தவிட்டு உறையில் நார்ச்சத்தும் ஆந்தோசயனின் என்ற நிறமியும் இருப்பது உண்மை. அது பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைவிட மேல் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அது ஒட்டும் இனத்தைச் சேர்ந்தது; அந்த ஒட்டுதலே அமைலோபெக்டினின் அடையாளம். அதற்கு மேல் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்து இனிப்பாக்கித்தான் நாம் சாப்பிடுகிறோம். விசேஷத்துக்கு இரண்டு கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். மருந்து என்று எண்ணிக் கிண்ணம் நிறையச் சாப்பிடக் கூடாது.

அடுத்தது அரைப்பு. மணி முழுதாக இருக்கும்போது நொதிகள் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டியிருக்கிறது. மாவாக அரைத்தால் எல்லாப் பக்கமும் திறந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் நடந்த முதல் தவறு இங்கேதான். சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் போதும் என்று நினைத்து, நைசாக அரைத்த மாவில் தளதளவென்று கூழ் காய்ச்சி, காலையில் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுத்துவந்தோம். இரண்டு வாரம் கழித்து எடுத்த சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு முன்பைவிடக் கூடியிருந்தது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் நுண்மாவாகி, நீரில் வெந்து குழைந்து, மெல்லாமல் விழுங்கும் பதத்துக்கு வந்தபின் எந்தத் தானியமும் வேகமாகத்தான் ஏறும். பன்னாட்டு அட்டவணையில் சிறுதானியக் கஞ்சிக்கு 67 என்று இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். வரகு, சாமை, குதிரைவாலி ஆகியவற்றை உடைக்காமல் உதிர் பதத்தில் சோறாக வடித்தால் கஞ்சியைவிட நல்லது. அப்போதும் கரண்டிக் கணக்கு மாறாது.

இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, இட்லி எல்லாம் இந்தக் கணக்கில் ஒரே குடும்பம். ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது என்பதால் இவற்றை நோயாளிகளின் உணவு என்று கருதும் பழக்கம் நமக்கு உண்டு. எண்ணெய் இல்லாததும் வயிற்றுக்கு இதமானதும் சரி. சர்க்கரை ஏற்றத்தைப் பொறுத்தவரை இவை நன்றாக அரைபட்டு நன்றாக வெந்த அரிசி மாவுதான். இட்லியில் உளுந்து இருப்பதும், மாவு புளிப்பதும் ஓரளவுக்குக் கைகொடுக்கின்றன; என்றாலும் ஐந்தாறு இட்லிகளை அவை நியாயப்படுத்திவிடாது.

வேகும் பதமும் இதேபோலத்தான். குக்கரில் நான்கைந்து விசில் விட்டுக் குழைத்த சோறு, திட்டமாக வடித்த சோற்றைவிட வேகமாகச் செரிக்கும். பல் இல்லாத பெரியவர்களுக்குக் குழைவு தேவைப்படும். அவர்களுக்குச் சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் மசித்துச் சேர்த்துச் சமப்படுத்தலாம்.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடியும் இறுகி, எளிதில் செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது. அது நார்ச்சத்தைப் போலப் பெருங்குடல்வரை போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. பழைய சோற்றுக்கு இப்போது கிடைத்திருக்கும் புது மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம். இதன் பயன் ஓரளவுதான் என்பதையும், நம் ஊர் வெயிலில் வடித்த சோற்றை நாள் முழுக்க வெளியே வைத்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பெருகும் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். சூடு தணிந்ததும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒருமுறை மட்டும் சூடாக்கிச் சாப்பிடுவது பாதுகாப்பானது.

கடைசியாக, துணை. புளிப்பும் கொழுப்பும் புரதமும் நார்ச்சத்தும் இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிக்கின்றன. அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துக் காய்களோடு மொச்சையும் சேர்த்து வைக்கும் மண்டி, பருப்பு உருண்டைக் குழம்பு, கத்தரிக்காயை மசித்துச் செய்யும் கோசமல்லி, கீரை மசியல் ஆகியவை இந்த வேலையை எந்த அறிவிப்பும் இல்லாமல் செய்து வருகின்றன. நம்மிடம் துணைகளுக்குக் குறைவில்லை. இலையில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம்தான் குறைந்துபோயிருக்கிறது.

கொழுப்பு எண்ணைக் குறைக்கிறது என்றதும் ஒரு குறுக்கு வழி பலருடைய மனத்தில் உதிக்கும். அட்டவணையில் வேகவைத்த உருளைக்கிழங்கு 78 என்றும், வறுத்த உருளைக்கிழங்குச் சீவல் 56 என்றும் இருக்கின்றன. ஆகவே சீவல் நல்லதா? இல்லை. எண்ணெய் செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. ஆனால் கலோரி பல மடங்காகி எடை கூடும், எடை கூடினால் இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும். ஊறிக்கொண்டிருந்ததாக முதலில் சொன்ன அந்த வெள்ளைப் பணியாரத்துக்கும் இதே தீர்ப்புதான். ஓர் உழக்குப் பச்சரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளந்து, நைசாக அரைத்து, எண்ணெயில் ஊற்றி எடுப்பது அது. எண்ணைக் கேட்டு அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க முடியாது. இரண்டோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் சாப்பிடலாம்.

நான்காம் படி: ஒரு நாள் சாப்பாட்டை மாற்றி அடுக்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் வீடு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு வேளையாக மாற்றுவதுதான் நடைமுறை.

காலைப் பலகாரத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஏனெனில் காலையில் பயறு வகை சாப்பிட்டால் அதன் பயன் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தையும் ஓரளவு தணிக்கிறது. இதை இரண்டாம் வேளைப் பயன் என்று சொல்வார்கள்; இதைக் கவனித்ததும் ஜென்கின்ஸ் குழுவினர்தான். நான்கு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டாகக் குறைத்து, கெட்டியான பருப்புச் சாம்பாரும் ஒரு கிண்ணம் கோசமல்லியும் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பருப்பு தூக்கலான அடை அல்லது முளைகட்டிய பாசிப்பயற்றை அரைத்துச் சுட்ட தோசை என்று மாற்றலாம். முட்டை சாப்பிடும் வீடுகளில் ஒரு முட்டை கூட வந்தால் மூன்றாவது இட்லியைக் கை தேடாது.

மதியத்தில் மாற்ற வேண்டியது பரிமாறும் வரிசை. நம் வழக்கத்தில் இலையின் நடுவே சோற்றைக் குவித்துப் பருப்பும் நெய்யும் ஊற்றிப் பசியோடு பிசையத் தொடங்கிவிடுகிறோம்; பொரியலும் கூட்டும் தொட்டுக்கொள்ளப் போனால் போகட்டும் என்று ஓரத்தில் கிடக்கின்றன. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டால், அதே உணவுக்கே சர்க்கரை ஏற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சௌசௌக் கூட்டையும் வாழைப்பூப் பொரியலையும் தொடுகறியாக நினைக்காமல், அவற்றை ஒரு கிண்ணம் நிறைய வாங்கிப் பாதிக்கு மேல் முடித்தபின் சோற்றைக் கேட்க வேண்டும். அசைவம் சமைக்கும் நாளில் மீனையோ கோழித் துண்டையோ முதலில் சாப்பிடலாம். சோறு வழக்கத்தில் பாதி என்று தொடங்கி, ஒரு வாரம் பழகியபின் மறுபடி பார்க்கலாம். இரண்டாவது முறை குழம்புக்கு, மூன்றாவது முறை ரசத்துக்கு, நான்காவது முறை மோருக்கு என்று சோற்றை நான்கு தவணையாக வாங்கும் பழக்கம் நம்முடையது. ரசத்தையும் மோரையும் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டால் இரண்டு தவணை தானாகவே போய்விடும்.

மாலை நான்கு மணிக்கு இடைப்பலகாரம் இல்லாமல் செட்டிநாட்டு வீட்டில் பொழுது நகராது. அதை நிறுத்தச் சொல்வது பலிக்காது, உள்ளடக்கத்தை மாற்றலாம். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, வேர்க்கடலை என்று சுண்டலை முறைவைத்துச் செய்தால் அலுக்காது. ஆடி மாதத்துக் கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும் மிகுதி, அரிசி குறைவு என்பது நல்ல செய்தி. அதே வாணலியில் கருப்பட்டியும் நெய்யும் தாராளமாக விழுகின்றன என்பது மறுபக்கம். அடைமாங்காயை அளவாகத் தொட்டுக்கொண்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. தேன்குழலும் சீப்புச் சீடையும் டப்பாவோடு பக்கத்தில் இருந்தால் எண்ணிக்கை கைவிட்டுப் போகும். தட்டில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு டப்பாவை மூடிவிட வேண்டும்.

பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிட வேண்டும். சாறாக்கினால் நாரும் மெல்லும் நேரமும் போய்விடுகின்றன. அளவாகப் பழுத்த வாழைப்பழம், தோல் கறுத்துக் கனிந்ததைவிட மெதுவாக ஏறும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, முகப்பிலிருந்து தெருக்கோடி வரை கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்தால், நடக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். நம் வீடுகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீள்கின்றன. மழைநாளில் வீட்டுக்குள்ளேயே கட்டுக்குக் கட்டு நடந்தாலே கணக்கு முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: இனிப்பின் பெயர்களில் மயங்காதீர்கள்

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாறிவிட்டால் அளவு பார்க்க வேண்டாம் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையும் அதேதான். அட்டவணையில் சர்க்கரைக்கு 65, தேனுக்கு 61. தாது உப்புகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், மணம் நிச்சயமாகக் கூடுதல். காப்பிக்கு இரண்டு கரண்டி போடுவதற்கு அது காரணமாகாது. ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரையின் எண் 15 என்பதைச் சொல்லி விற்கும் இனிப்புகளையும் நம்ப வேண்டாம். அளவு மீறினால் கல்லீரலில் கொழுப்பாகப் படிவது அதுதான்.

ஆறாம் படி: உங்கள் உடம்பையே சோதித்துப் பாருங்கள்

அட்டவணை எண்கள் சராசரிகள். ஒரே உணவுக்கு இரண்டு பேருடைய உடம்பு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஒரே ஆளுக்கே தூக்கம் கெட்ட நாளில் வேறு, நடந்த நாளில் வேறு. ஆரம்ப அளவீட்டில் மிக உயர்ந்த எண்ணைப் பெற்ற கேரட், பின்னாளில் சரியாக அளந்தபோது 39-க்கு இறங்கிவந்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளில் அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆகவே வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதையே ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடுவதற்குச் சற்று முன் ஒரு முறையும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். சாப்பிட்டு எழுந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் எண் பிசகும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்வது முக்கியம். பழம் நறுக்கிய கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்துக் கருவி காட்டிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்று மூன்று இட்லி, சட்னி. இன்னொரு நாள் அதே மூன்று இட்லி, கோசமல்லி. அரிசியையும் அளவையும் நடையையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாள் திருப்பிச் செய்து குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கருவிகளில் 15 விழுக்காடுவரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்பதால் 150-க்கும் 158-க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். 150-க்கும் 210-க்கும் உள்ள வேறுபாடு பேசும். நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராம், சாப்பிட்டபின் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும் மருத்துவர் வேறு இலக்கு வைப்பார்.

எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதத் தொடங்கியபின், அப்பச்சி வாக்குவாதம் செய்வதை நிறுத்திவிட்டார்கள். நான் சொன்னால் கேட்காதவர், தன் விரல் சொன்னதைக் கேட்டார்.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றபடி வகுத்தது. சாப்பாட்டை மாற்றப்போவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி மருந்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சுண்டலையும் பருப்பையும் தாங்களாகவே கூட்டக் கூடாது; புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் வரும்போது இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழாகிறது. அப்போது தேவைப்படுவது மிக உயர்ந்த எண் கொண்ட உணவு. 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டித் தூள், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை பலன் தராது. அந்த மாத்திரைகள் அதன் செரிமானத்தையே தடுக்கின்றன என்பதால் குளுக்கோஸ்தான் வேண்டும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்துபோகிறவர்களில் இன்சுலின் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க நடப்பதால் வழியில் சர்க்கரை இறங்குவது எளிது. அவர்கள் பையில் பெரும்பாலும் கடலை மிட்டாயும் சாக்லேட்டும்தான் இருக்கும். கடலையிலும் சாக்லேட்டிலும் உள்ள கொழுப்பு, அவசரத்துக்கு வேண்டிய சர்க்கரையைத் தாமதப்படுத்திவிடும். மிட்டாய் பையிலேயே இருக்கட்டும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை மட்டும் சட்டைப்பையில், கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, கூட நடக்கிறவரிடமும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள்.